கிள்ளை வீட்டில் அண்ணி எழுந்து நின்ற மதியம்

ராஜேஸ்வரி அண்ணி போய்விட்டார் என்று அவர் மகள் போனில் சொன்னபோது நான் சிதம்பரத்தில், பள்ளிக்குக் கிளம்பி வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். காபி கலந்து வைத்துவிட்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லையாம். கடலூர் மஞ்சக்குப்பம் வீட்டில் அன்று கூடியவர்கள் பலரும் அவருடைய வேலையைப் பற்றியே பேசினார்கள். வக்கீல் ஆபீசில் முப்பது வருஷம் டைப்பிஸ்ட். யாராவது பொய்யாக ஒன்றை எழுதச் சொன்னால் மெஷினை நிறுத்திவிட்டு, "இதை நீங்களே சத்தமா ஒரு தடவை சொல்லுங்க" என்பாராம். எல்லோரும் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அவரை அறிந்த உங்களிடம் நான் சொல்ல நினைப்பது, அந்த அண்ணியே ஒரு பொய் சொன்னதையும் பிறகு அதை ஒப்புக்கொண்டதையும்.

2004இல் எங்கள் அம்மா இறந்தார். கடைசித் தம்பி சேகர் அப்போது புனேயில் இருந்தான். கூட வேலை பார்த்த ஸ்டெல்லாவைக் கல்யாணம் செய்துகொண்டதிலிருந்து அவன் ஊருக்கு வருவதில்லை. என்றாலும் எங்கள் வழக்கப்படி அம்மாவுக்குக் கொள்ளி வைக்க வேண்டியவன் கடைசி மகன். பந்தல் போடும் ஆட்களோடு நின்ற அண்ணன், சேகருக்குப் போன் பண்ணும்படி அண்ணியிடம் சொல்லி அனுப்பினார். சற்று நேரத்தில் அண்ணி வெளியே வந்து, சொல்லியாகிவிட்டது, அவன் வரவில்லையாம் என்றார். அண்ணனே கொள்ளி வைத்தார். பத்து நாள் கழித்து யாரோ நண்பன் மூலம் தெரிந்துகொண்ட சேகர், சொல்லாமலே எரித்துவிட்டீர்கள் என்று போனில் கத்தினான். பெற்றவள் சாவுக்கு வராதவன் பொய் வேறு சொல்கிறான் என்று அண்ணன் போனை வைத்துவிட்டார். அதற்குப் பிறகு ஆறு வருஷம் இருவரும் பேசவில்லை.

பெரியப்பா மகன் கண்ணன், விடுமுறைக்கு வந்து தங்குவதற்கென்று கிள்ளையில் உப்பங்கழி ஓரமாக ஒரு வீடு கட்டினான். 2010 கோடையில் குடும்பம் மொத்தத்தையும் அங்கே அழைத்தான். சேகர் வருவதை அண்ணனிடம் சொல்லவில்லை. அண்ணன் வருவதைச் சேகரிடமும் சொல்லவில்லை. காரிலிருந்து இறங்கிய அண்ணன் வராந்தாவில் சேகரைப் பார்த்ததும் திரும்பவும் காரில் ஏறப் போனார். வந்தது வந்தாச்சு, பிள்ளைங்க பார்க்குது என்று அண்ணிதான் அவரை உள்ளே கூட்டிவந்தார். காலை முழுவதும் ஒருவர் இருந்த அறைக்குள் மற்றவர் நுழையவில்லை. பிச்சாவரத்துக்குப் படகில் போகலாம் என்று கண்ணன் கூப்பிட்டும் யாரும் கிளம்பவில்லை.

மதியம் கூடத்தில் வரிசையாக இலை போட்டார்கள். இறால் தொக்கு பரிமாறும்போது கண்ணன் பேச்சை மாற்றுவதாக நினைத்து, சித்தி இருந்திருந்தால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார் என்றான். அண்ணன் இலையைப் பார்த்தபடியே சொன்னார்: "அவுங்க கடைசி வரைக்கும் வாசலையேதான் பார்த்துக்கிட்டிருந்தாங்க. வர வேண்டியவன் வரல."

சேகர் எழுந்துவிட்டான். அண்ணனும் எழுந்தார். கை இரண்டு பேருக்கும் எச்சில். அடித்துக்கொள்வார்கள் என்றே நினைத்தேன்.

அதற்குள் அண்ணி எழுந்து நின்றார். குரலை உயர்த்தவில்லை.

"உங்க அண்ணன் போன் பண்ணச் சொன்னாரு, சேகர். நான்தான் பண்ணல. பண்ணிட்டேன்னு இவருகிட்ட பொய் சொன்னேன். அந்தப் பொண்ணு வந்தா பொணத்தைத் தூக்க மாட்டோம்னு பங்காளிங்க பேசினாங்க, பயந்துட்டேன். அது மட்டும் இல்ல. எனக்கே அவ வர்றது புடிக்கல."

ஸ்டெல்லா எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவள் மட்டும்தான் கேட்டாள்: "நான் வந்து என்ன பண்ணியிருப்பேன்னு நெனச்சீங்க, அக்கா?"

"தெரியல. அதை நான் யோசிக்கவே இல்ல" என்றார் அண்ணி.

சேகர் கழிக்கரைப் பக்கம் போய்விட்டான். நெடுநேரம் கழித்து அண்ணனும் அங்கே போனார். என்ன பேசினார்கள் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. திரும்பி வரும்போது இருவருக்கும் நடுவே நாலடி இடைவெளி இருந்தது, ஆனால் ஒன்றாக வந்தார்கள். அந்த வருஷம் திருவந்திபுரத்தில் கெடிலம் ஆற்றங்கரையில் அம்மாவுக்குச் சேகர்தான் திதி கொடுத்தான். ஸ்டெல்லா படியில் உட்கார்ந்திருந்தாள். அண்ணி போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அண்ணன் நாலைந்து மாதம் அண்ணியிடம் பேசவில்லை. உப்பு வேண்டுமென்றால்கூட மகளிடம் சொல்வார். நான் அண்ணிக்காக வருத்தப்பட்டபோது, "ஆறு வருஷம் தம்பிய இழந்தாரு. நாலு மாசம் கோவப்படக் கூடாதா?" என்றார் அண்ணி.

அப்போதுதான் அவரிடம் கேட்டேன், என் பெயரை ஏன் சொல்லவில்லை என்று. அம்மா இறந்த அன்று போன் இருந்த அறையில் அண்ணியோடு நானும் இருந்தேன். அந்த ஆறு வருஷமும், கிள்ளையில் அந்த மதியமும், நான் வாயைத் திறக்கவில்லை.

"சேகருக்கு என் மேல கோவம்னா என் வீட்டுக்கு வர மாட்டான். உன் மேலயும்னா இந்தப் பக்கம் அவனுக்குப் போக எடம் ஏது?" என்றார். "ஒனக்கு எப்ப தோணுதோ அப்ப நீயே சொல்லிக்க. நான் சொல்ல மாட்டேன்."

சொன்னபடியே போய்விட்டார். அவர் எனக்காக வாங்கிக்கொண்ட பழியைத்தான் நான் இப்போது வைத்திருக்கிறேன். அதை அவர் மேலேயே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

சேகர், அன்று அண்ணி ரிசீவரை எடுத்து உன் நம்பரைப் பாதி சுற்றிவிட்டார். வேண்டாம் என்று அவர் கையைப் பிடித்தது நான்.