சுறா ஈரலும் ஒரு நுரையீரலும்

ஜெர்மனியில் எலியைக் கொல்வதற்குக்கூடப் பரீட்சை எழுதிப் பாஸாக வேண்டும். நான் பாஸானவன். ஆய்வுக்கூடத்தில் என் வேலையே அதுதான். சினை எலியின் கழுத்தை ஒரே இழுப்பில் முறித்து, வயிற்றைக் கிழித்து, பயறளவுக் குட்டிகளை எடுத்துக் கண்ணாடித் தட்டில் அடுக்க வேண்டும். வைட்டமின் ஏ கருவுக்குள் ஓர் அமிலமாக மாறி, நுரையீரல் இங்கே முளைக்கட்டும் என்று சைகை கொடுக்கிறதாம். அந்தச் சைகையை நிறுத்திவிட்ட குட்டிகளைப் பிளந்து லென்ஸில் பார்த்தால், நுரையீரல் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இருக்காது. முதல் நாள் பார்த்துவிட்டு வாந்தி எடுத்தேன்.

அதோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். திருவொற்றியூர்க் குப்பத்தில் என் தங்கை செல்வி அப்போது இரண்டு மாதக் கர்ப்பிணி. "வைட்டமின் ஏ இல்லாங்காட்டி கொயந்தைக்கு நுரையீரலே வராது மாப்ள" என்று அவள் புருஷன் மணியிடம் போனில் அளந்துவிட்டேன்.

"எதுல மச்சான் கீது அது?"

"ஈரல்ல."

எங்கள் பக்கம் பிள்ளை பெற்றவளுக்குத்தான் பால் ஊறச் சுறாப்புட்டு செய்து கொடுப்பார்கள். மணி படகில் போகிறவன். பிரசவம் வரை பொறுக்காமல் சுறா ஈரலைக் கொண்டுவந்து தினமும் வறுத்துக் கொடுத்திருக்கிறான். அளவு மீறினாலும் அந்தச் சைகை கருவைக் கெடுக்கும் என்பதை நான் சொல்லவில்லை. தெரியாமல் இல்லை. பெரிய மனுஷனாகப் பேசிய ஜோரில் விட்டுவிட்டேன்.

பிறந்த குழந்தை அரைமணி நேரம் மூச்சுக்குத் தவித்துச் செத்தது. நுரையீரல் சரியாக வளரவில்லை என்றார் மருத்துவர். மணி நாற்காலியைத் தூக்கி ஆஸ்பத்திரியின் கண்ணாடிக் கதவை நொறுக்கினான், அவர் மூக்கை உடைத்தான். போலீஸ் இவன் விரல்களை உடைத்தது. ஜாமீனில் வந்ததும் எனக்குப் போன் செய்தான்.

"அந்த டாக்டர போட்டுத் தள்ளாம வுடமாட்டேன் மச்சான். கத்தி ரெடியா கீது."

ஆய்வுக்கூடத்தை நடத்தும் பேராசிரியையிடம் ஓடினேன். ஈரலால்தானா என்று கேட்டேன். "ஒரு குழந்தையை வைத்து எதுவும் சொல்ல முடியாது" என்றார். நான் ஆய்வைப் பற்றிக் கவலைப்படுவதாக நினைத்துக்கொண்டு, "உன் எலிகள் நன்றாகத்தான் வந்திருக்கின்றன" என்று தோளில் தட்டினார். அந்தக் கழுத்தைப் பிடித்துவிடலாமா என்று எனக்குக் கை துடித்தது.

அன்றே மணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஈரலாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம், குத்துவதென்றால் என்னைக் குத்து என்றேன். பிறகு செல்வி போனை வாங்கினாள்.

"கத்திய நான் புடுங்கிக்கினேண்ணா. அவரு இனிமே ஒண்ணியும் பண்ண மாட்டாரு. ஆனா நீ இங்க வராத. உன் மூஞ்சப் பாத்தா நானே உன்னக் கொன்னுடுவேன்."

ஆனாலும் வந்திருக்கிறேன். ராயபுரத்தில் லாட்ஜ் எடுத்துத் தங்கி இதை எழுதுகிறேன். தினமும் கும்மிடிப்பூண்டி ரயிலில் ஏறுகிறேன். திருவொற்றியூரில் வண்டி நிற்கிறது. வாசலில் நிற்கும் என் முதுகில் யாரோ இடிக்கிறார்கள். "இன்னா நைனா, எறங்கப் போறியா இல்லியா?"

வழிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறேன்.