ஒரே ஃபேனுக்கு அடியில்

போன ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போயிருந்தேன். நைனா உள்ளறையில் ஏசி போட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தார். அம்மா சமையலறையில் இருந்தாள். அக்கா இல்லை, கோடையில் அவள் எங்கள் வீட்டுக்கு வருவதே கிடையாது. கூடத்தில் ஒருவருமில்லாமல் ஃபேன் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

கை தானாகப் போய் ஸ்விட்சை அணைத்தது. இறக்கைகள் ஓய்ந்ததும் சூடேறிய தூசியின் வாசனை மெல்லக் கீழே இறங்கியது. உங்களுக்கும் தெரிந்த வாசனைதான். எனக்கு அது இன்ஜினியரிங் படித்த வாசனை.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். திருப்பதியில் படித்தேன், லீவு விட்டால் வரதய்யபாளையம் பஸ் பிடித்துவிடுவேன். கல்லூரிக் கட்டணத்தை அரசாங்கம் கட்டியது. ஆனால் வீட்டில் கரண்ட் மாதம் முந்நூறு யூனிட்டைத் தாண்டினால் அரசாங்கக் கணக்கில் நாங்கள் வசதியானவர்கள் ஆகிவிடுவோம், கட்டணம் கட்டுவதும் நின்றுவிடும். நைனாவுக்குப் பில் தொகையைவிட யூனிட்தான் பயம். ஏழையாகவே நீடிக்க எவ்வளவு ஜாக்கிரதை வேண்டியிருந்தது என்று இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை.

அந்தப் பயத்துக்கு எண்ணெய் ஊற்றியவன் நானேதான். முதல் வருஷத்து உற்சாகம். குண்டு பல்புகளைக் கழற்றி எல்.இ.டி. மாட்டினேன். டிவி பெட்டியின் சிவப்புப் புள்ளிகூடக் கரண்டைத் தின்கிறது என்று பிளக்கைப் பிடுங்கினேன். எல்லோரும் ஒரே இடத்தில் இருந்தால் ஒரு ஃபேன் போதுமே என்று ஒருநாள் சாப்பிடும்போது சொல்லிவைத்தேன். அதுவரை என் பேச்சை நைனா அவ்வளவு சீக்கிரம் கேட்டதில்லை. மறுநாளே மற்ற ஃபேன்களின் இறக்கைகளைக் கழற்றிப் பரண்மேல் போட்டுவிட்டார்.

அதற்குப் பிறகு சாப்பாடு, படிப்பு, தூக்கம், சண்டை எல்லாம் அந்தக் காற்று விழும் வட்டத்துக்குள்தான். கோபித்துக்கொண்டு எழுந்து போக முடியாது. போனால் உள்ளறையில் வெந்துவிடுவோம். ஆகவே அங்கேயே சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து கோபித்துக்கொள்வோம். அம்மா நைனாவோடு பேசாத நாட்களில்கூட அவர் முழங்கை அவள் மேல் இடித்துக்கொண்டிருக்கும்.

இப்படி இருக்கையில், அக்கா முதல் பிரசவத்துக்கு வந்தாள். அக்னி நட்சத்திரம். அவள் வீட்டுக்காரர் போன் செய்தால் எங்கள் நடுவில் உட்கார்ந்து ‘ம்’, ‘சரி’ என்று மட்டும் பேசுவாள். முதுகெல்லாம் வேர்க்குரு. அவருக்குப் பங்காருபாளையத்தில் மாங்காய் வியாபாரம். அந்த ‘ம்’களிலிருந்தே எப்படியோ விஷயத்தைப் புரிந்துகொண்டு, ரேணிகுண்டாவில் ஒரு ஏர் கூலர் வாங்கி ஆட்டோவில் ஏற்றி வந்தார். அட்டைப்பெட்டியின் இடுக்கில் மூக்கை வைத்தால் கூலர் தட்டியின் புது நார் வாசனை. நைனா அவருக்குக் கோழி அடித்துச் சோறு போட்டு அனுப்பினார். பிறகு பெட்டியை மூலைக்குத் தள்ளினார். அம்மா அதன்மேல் மடித்த துணிகளை அடுக்கினாள்.

அக்கா என்னைப் பார்த்தாள். படித்தவன் நான்தானே. நாளெல்லாம் ஓடினாலும் கூலர் ஒன்றரை யூனிட்தான் இழுக்கும், மாதத்துக்கு ஐம்பதுகூட வராது என்று நைனாவுக்கு விளக்கினேன். முழுதும் கேட்டார்.

“நீ நம்ம மீட்டர பாத்துக் கணக்கு போடறே. அவங்க கம்ப்யூட்டர்ல நம்ம பேர்ல எத்தினி மீட்டர் கீதோ.”

தெருக்கோடி மேஸ்திரிக்குப் பென்ஷன் நின்றது அப்படித்தான். அவர் கண்ணால் பார்க்காத ஏதோ ஒரு மீட்டர் அவர் ஆதாரில் ஏறியிருந்ததாம். அப்படியென்றால் ஊர்ச் சச்சிவாலய ஆபீசில் போய்க் கேட்டுவிடுகிறேன் என்றேன்.

“கேக்காதே. போய்க் கேட்டா, இவன் வூட்ல இன்னாவோ ஏறிக்கினு இருக்குதுன்னு எழுதிக்குவாங்க. இன்னும் ரெண்டு வருசம். அதுவரிக்கும் கம்முனு இரு.”

நான் அடம்பிடித்திருக்கலாம். ஆனால் அவர் பயப்பட்டதெல்லாம் என் படிப்புக்காக. அதை எதிர்த்து அந்தப் படிப்பை வைத்தே எப்படி வாதாடுவது? கம்மென்று இருந்தேன்.

இரண்டு நாள் கழித்து, மத்தியானச் சாப்பாடு ஆனதும் அக்கா எழுந்து பையில் புடவைகளை வைத்தாள்.

“மொதல் பிரசவத்த எவளாவது மாமியார் வூட்ல…” என்று அம்மா ஆரம்பித்தாள்.

அக்கா என்னிடம்தான் சொன்னாள். “நீ படிடா. நான் அங்க போய்ப் பெத்துக்கறேன். தோப்புல காத்தாவது வரும்.”

நைனா ஃபேனுக்கு அடியிலிருந்து எழுந்தார். ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். ஃபேன் இல்லாத உள்ளறைக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். அவள் பஸ் ஏறின பிறகும் வெளியே வரவில்லை.

அம்மா பின்னாலேயே போய், சம்பந்தி வீட்டு அடுப்பில் விருந்தாளி மாதிரி கேட்டுக் கேட்டு மகளுக்குப் பத்தியம் சமைத்தாள். பெண் குழந்தை. இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். பொங்கலுக்கு வருகிறாள், குளிராக இருக்கும்போது.

எனக்கு வேலை கிடைத்ததும் இறக்கைகள் பரணிலிருந்து இறங்கின; ஏசியும் வந்தது. கூலர் பெட்டியைப் பிரித்தபோது நார் பொடிப்பொடியாக உதிர்ந்தது. இப்போது யாருக்குக் கோபம் வந்தாலும் போய்ச் சாத்திக்கொள்ள ஒரு கதவு இருக்கிறது. யார் யாரோடு பேசவில்லை என்பதே ஊருக்குப் போனால் எனக்குத் தெரிவதில்லை.

அந்தக் கோடையில் அக்கா கிளம்பிய மறுநாள் மீட்டர் எடுப்பவர் வந்து சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். நைனா அதை என்னிடம் நீட்டினார். அறுபத்து நாலு யூனிட் என்று படித்தேன். முந்நூறைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. எவ்வளவு கட்ட வேண்டும் என்று மட்டும் கேட்டார்.

நூற்றுத் தொண்ணூற்றாறு ரூபாய்.