வை-ஃபை பெட்டிக்கு நான் தைத்த சட்டை

போன வருஷம் தீபாவளி முடிந்த வாரத்தில் நடந்தது இது. சங்கரன்கோவிலில் எங்கள் வீடு பாதி வீடு, பாதி தறிக்கூடம். நடுவில் ஒரே ஒரு சுவர். அந்தப் பக்கம் நாலு விசைத்தறி ஓடும். இந்தப் பக்கம் நானும் என் மாமியாரும் அந்தச் சத்தத்திலேயே பேசி, சாப்பிட்டு, தூங்கிப் பழகியவர்கள். தறிகளைக் கவனிப்பது மாமியார். என் வீட்டுக்காரர் வளைகுடாவில் ஏ.சி. மெக்கானிக். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு முறைதான் ஊருக்கு வருவார்.

சொல்லக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. முப்பத்தாறு வயதில் நான் கம்ப்யூட்டரில் ஆன்லைன் கேம் விளையாடுகிறவள். சுடுவது, வெட்டுவது எல்லாம் கிடையாது. ஆளுக்கு ஒரு பொம்மை உருவம் இருக்கும். அதை வைத்துக்கொண்டு வீடு கட்டலாம், மீன் பிடிக்கலாம், படகு ஓட்டலாம். எனக்குக் கற்றுக்கொடுத்ததே என் வீட்டுக்காரர்தான். அங்கே அவர் இருப்பது ஆறு பேர் தங்குகிற அறை. வீடியோ காலில் நான் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டால் பின்னாலிருந்து இரண்டு பேர் "சாப்ட்டாச்சு மைனி" என்று பதில் சொல்வார்கள். நல்ல மனுஷர்கள்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் இப்படி இருந்தால் புருஷன் பெண்டாட்டி என்னத்தைப் பேசுவது? கேமில் அந்தத் தொல்லை இல்லை. இரண்டு பேரும் ஒரு படகில் ஏறி நடுக்கடலுக்குப் போய் டைப் அடித்துப் பேசிக்கொள்வோம். எங்களுக்கென்று தனியாக இருந்த இடம் அந்தப் படகு மட்டும்தான்.

அந்த வெள்ளிக்கிழமை எங்களுடைய பதினோராவது கல்யாண நாள். ஊருக்கு வர அவருக்கு லீவு கிடைக்கவில்லை. "நாலு மணிக்குப் படகுல ஏறிரு. புதுசா ஒரு தீவு தொறக்கான், அங்க போவோம்" என்று சொல்லியிருந்தார். நானும் புதுச் சேலை கட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவதாக இருந்தேன். சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான் சொல்கிறேன்.

வில்லங்கம் அப்டேட்டில் வந்தது. புதுத் தீவுக்காகப் பதினெட்டு ஜி.பி.க்கு ஒன்றை விட்டிருந்தார்கள். அது முழுசாக இறங்காவிட்டால் கேமே திறக்காது. தீவும் கிடையாது, படகும் கிடையாது. அவருக்குப் புதன்கிழமையே இறங்கிவிட்டது. எனக்கு வியாழன் சாயங்காலம்வரை முப்பத்தொரு சதவீதத்தைத் தாண்டவில்லை.

நான் செய்யாத வைத்தியம் இல்லை. கம்ப்யூட்டரை அணைத்து அணைத்துப் போட்டேன். டி.வி.யிலும் போனிலும் நெட்டை நிறுத்தினேன். நெட் ஆபீசுக்குப் போன் போட்டு அங்கே எடுத்த பெண்ணிடம் எகிறினேன். "இங்க இருந்து ஃபுல் ஸ்பீடுலதான் மேடம் வருது" என்று அவள் பாவம், பொறுமையாகத் திரும்பத் திரும்பச் சொன்னாள். எனக்குத்தான் காதில் ஏறவில்லை.

அப்புறம்தான் ஒன்றைக் கவனித்தேன். ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை நெட் சுத்தமாக நின்றுபோகும். பத்து நிமிஷம் கழித்துத் தானாக வரும். நிற்கிற ஒவ்வொரு தடவையும் என் மாமியார், வை-ஃபை பெட்டி இருக்கிற முன்னறையிலிருந்து வெளியே வருவார். ஒன்றும் தெரியாதவர் மாதிரி தறிக்கூடத்துக்குப் போய்விடுவார்.

நான் கேம் விளையாடுவது அவருக்குப் பிடிக்காது. "கல்யாணமான பொம்பள பொம்ம வெளாட்டு வெளாடுதா" என்று தறிக்குப் பாவு நூல் கொண்டுவருகிற ஆளிடமே சொல்லியிருக்கிறார். நான் விளையாடுவது உங்கள் மகனோடுதான் என்று சொல்ல எனக்குக் கூச்சம். வியாழக்கிழமை ராத்திரி அவருடைய சாப்பாட்டுத் தட்டை டொக்கென்று வைத்துவிட்டு வந்தேன். ஆத்திரம் தாங்காமல் என் வீட்டுக்காரருக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன்: "உங்கம்மாதான் வேணும்னே நெட்ட அமத்துதாவ." அவரிடமிருந்து ஒரு வரிதான் பதில் வந்தது. "அம்மா அப்படிச் செய்ய மாட்டாவ." அது எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

வெள்ளிக்கிழமை காலை, சமையற்கட்டில் இருக்கிற மாதிரி பாத்திரத்தை உருட்டிவிட்டு, கதவோரம் நின்று எட்டிப் பார்த்தேன். பத்து மணி சுமாருக்கு மாமியார் முன்னறைக்கு வந்தார். அலமாரிப் பக்கம் போனார். வை-ஃபை பெட்டியின் துணி உறைக்குள் புறங்கையை வைத்துப் பார்த்தார். சட்டென்று கையை இழுத்துக்கொண்டு சுவிட்சை அணைத்தார். கையும் களவுமாக மாட்டினார் என்று ஓடிப்போய் நின்றேன்.

"என்ன அத்தை செய்யுதீய?"

அவர் பயந்து போனார். அப்புறம் என் கையைப் பிடித்து இழுத்து அந்த உறைக்குள் விட்டார். "கத்தாதட்டி, தொட்டுப் பாரு. தோசைக்கல்லாட்டம் சுடுது. ரெண்டு நாளா தீப்பிடிச்சிருமோன்னு எனக்கு ஈரக்கொலையே நடுங்குது. தறி மோட்டாரு சூடானா அமத்திப்போட்டு ஆறவிடுவம்லா, அப்படித்தான் செஞ்சேன்."

அந்த உறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். தறி ஓடுகிற வீட்டில் பஞ்சுத் தூசி எப்போதும் பறக்கும். அதனால் எங்கள் வீட்டில் மிக்சிக்குச் சட்டை உண்டு, டி.வி.க்குச் சட்டை உண்டு, சுவர்க் கடிகாரத்துக்குக்கூட உண்டு. தீபாவளிக்கு வெள்ளையடித்து ஒதுங்க வைத்தபோது, வை-ஃபை பெட்டி மட்டும் அம்மணமாக இருக்கிறதே என்று, தறியில் மிஞ்சிய துண்டுத் துணியை இரண்டு மடிப்பாக மடித்து, உள்ளே லைனிங் கொடுத்து, சுருக்குக் கயிறு வைத்து, ஊசிநூலால் ஒரு பூவும் போட்டு நானே தைத்து மாட்டினேன். அத்தோடு விட்டேனா? பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று என் கல்யாணச் சீர் பித்தளைக் குடங்களையும் தவலையையும் அதன் முன்னால் அடுக்கிவிட்டேன். ராப்பகலாக டவுன்லோட் ஓட ஆரம்பித்ததும், மூச்சு விட முடியாமல் அது உள்ளே வெந்துகொண்டிருந்திருக்கிறது.

"உறையக் கழத்துன்னு சொல்லிருக்கலாம்லா அத்தை?"

"எப்படிச் சொல்ல? நீ பூவெல்லாம் போட்டு ஆசையா தச்சுருக்க. மொகம் வாடிப்போவும்லா."

இரண்டு நாளாக நான் அவரை என்னவெல்லாம் நினைத்திருக்கிறேன்! அப்போதுதான் கூச்சத்தை விட்டுச் சொன்னேன். "அத்தை, இன்னைக்கு எங்க கல்யாண நாளு. நாலு மணிக்கு உங்க மகன் இந்தக் கேமுலதான் வாராவ. அவுகளோடதான் நான் வெளாடுதேன்."

அவர் வாயில் கை வைத்தார். "அவன்கூடயா? இத மொதல்லயே சொல்றதுக்கென்னட்டி!"

அதற்குப் பிறகு அந்த அம்மாவைப் பார்க்க வேண்டுமே! சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குடம், தவலை எல்லாவற்றையும் கீழே இறக்கினார். தன் அறையிலிருந்த டேபிள் ஃபேனைத் தூக்கிவந்து பெட்டிக்கு நேராக வைத்தார். வை-ஃபை பெட்டி வாங்கியபோது கூடவே கொடுத்து, பீரோவில் பிரிக்காமலே கிடந்த நீள வயரை நான் தேடி எடுத்தேன். பெட்டியிலிருந்து கம்ப்யூட்டருக்கு நேராக, அறைக்குக் குறுக்கே துணி காயப்போடும் கொடி மாதிரி கட்டினேன். பெட்டி இப்போது திறந்து கிடக்கிறதே, பஞ்சு போய் அடைக்குமே என்று மாமியாருக்குக் கவலை. நேராகத் தறிக்கூடத்துக்குப் போய் நாலு தறியையும் நிறுத்திவிட்டு வந்தார். தீபாவளி அன்றைக்கே மத்தியானம்வரை தறி ஓட்டியவர் அவர். வீடே அமைதியாகிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் கரண்டு போய்விட்டதா என்று வந்து கேட்டுவிட்டுப் போனார்.

வேகம் கூடியது. ஆனால் போதவில்லை. ஒரு மணிக்கு அறுபது சதவீதம். இந்தக் கணக்கில் போனால் ராத்திரி ஏழு ஆகும். மாமியார் நாற்காலியை என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, பரீட்சை ரிசல்ட் பார்க்கிற மாதிரி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கேமின் செட்டிங்கில் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். ஓரிடத்தில் டவுன்லோட் வேகத்துக்கு ஒரு வரம்பு போட்டிருந்தது. போட்டது யார்? நானேதான். வை-ஃபை வருவதற்கு முன், போன் நெட்டைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்து விளையாடிய காலத்தில், டேட்டா தீர்ந்துவிடக் கூடாதே என்று போட்டு வைத்தது. சின்னச் சின்ன அப்டேட்டாக வந்தவரை அது உறைக்கவில்லை. அந்த டிக்கை எடுத்தேன். எண்கள் பாய்ந்தன பாருங்கள், நான் போட்ட கூச்சலில் மாமியார் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

மூணே முக்காலுக்கு எல்லாம் முடிந்தது. நாலு மணிக்குக் கடற்கரையில் நீலத் தொப்பி போட்ட உருவம் ஒன்று படகோடு நின்றது. "இதுல எம்மவன் எது?" என்று மாமியார் கேட்டார். காட்டினேன். பக்கத்தில் அத்தை இருப்பதாக டைப் அடித்தேன். உடனே அந்தத் தொப்பி உருவம் குதித்துக் குதித்துக் கையை ஆட்டியது. மாமியாரும் திரையைப் பார்த்துக் கையை ஆட்டி, கடல் கடந்து கேட்கிற மாதிரி, "சாப்ட்டியாலே?" என்றார். அதையும் டைப் அடித்தேன். "சாப்ட்டேம்மா" என்று பதில் வந்ததும் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

ஐந்து நிமிஷம்தான் இருந்தார். பிறகு எழுந்து, "நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க" என்று சொல்லி, கதவைச் சாத்திவிட்டுப் போனார். நாங்கள் இரண்டு மணி நேரம் அந்தத் தீவைச் சுற்றினோம். நான் அனுப்பிய வாய்ஸ் மெசேஜுக்காக என் வீட்டுக்காரரிடம் மன்னிப்புக் கேட்டபோது அவர், "நான் தான் சொன்னேம்லா" என்று மட்டும் எழுதினார். அம்மாவிடம் அதைப் பற்றி அவர் இன்றுவரை மூச்சு விடவில்லை.

என் முகம் வாடக் கூடாது என்று சுடுகிற பெட்டியை இரண்டு நாள் காவல் காத்தவரைப் பற்றி அப்படியொரு பழி சொன்னேனே என்று நினைத்தால் இப்போதும் கூசுகிறது. நேரில் சொல்ல எத்தனையோ தடவை வாயெடுத்தும் தைரியம் வராததால் இங்கே எழுதிவிட்டேன், ஏனென்றால் எங்கள் வீட்டில் இந்தப் பத்திரிகையை முதலில் பிரித்துப் படிப்பது என் மாமியார்தான்.