மலைமேல் ஒரு கடற்கரைக் கூட்டம்

கடற்கரையைப் பற்றிப் பேச ஊட்டியில் கூட்டம் என்று கேட்டதுமே வனிதாவுக்கு எரிச்சல் மண்டியது.

"ஏனுங்க வனிதா, நீங்க ஊட்டிக்காரவங்கதானே? ரூம், சாப்பாடு, வண்டி எல்லாம் பாத்துக்குங்க," என்றார் திட்ட மேலாளர் தினகரன்.

அவள் சேரம்பாடிக்காரி. அங்கிருந்து ஊட்டிக்குப் பஸ்ஸில் வந்தாலே பாதி நாள் போய்விடும். சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீட்டில், பிறந்தவள். லயத்துக்கு ஒரு பாதை கேட்டு அவள் அப்பா முனியசாமி அலையாத இடமில்லை. தோட்டத்து ஆபீஸ் வனத்துறை ஆபீசைக் கைகாட்டும், அது பஞ்சாயத்தைக் கைகாட்டும். பிரசவ வலி கண்ட அத்தையை மழையில் கம்பளியில் கட்டித்தான் தூக்கிப் போனார்கள். நிலத்தையும் கடலையும் சேர்த்து எல்லாத் துறைகளும் ஒன்றாகத் திட்டமிடப் போகிற வேலை என்றதும், அதை நம்பித்தான் நாகைப் பக்கம் போய்ச் சேர்ந்தாள்.

"மீனவங்க யாரும் வரலைங்களா சார்?"

"அவங்களுக்குக் குளிர் ஒத்துக்காதுங்க."

விடாமல் சண்டை போட்டு, மேலக்குப்பத்து மீன்காரப் பெண்களின் தலைவி ராக்கம்மாவை மட்டும் அழைத்து வந்தாள்.

ஓட்டல் மண்டபத்தில் ஒவ்வொரு துறையும் தன் வரைபடத்தைத் திரையில் காட்டியது. ஒருவர் தன் படத்தில் அலைத்தடுப்புக் கல் கொட்டினார். இன்னொருவர் சவுக்கு நட்டார். மூன்றாமவர் சுற்றுலாவுக்கு நடைபாதை போட்டார். மூன்றும் மேலக்குப்பத்தின் ஒரே மணல்திட்டில். யாருக்கும் அது உறைக்கவில்லை.

இரவல் ஸ்வெட்டருக்குள் ஒடுங்கியிருந்த ராக்கம்மா எழுந்தாள். "ஐயா, அங்கனதான் எங்க போட்டெல்லாம் நிக்குது."

"அடுத்த கட்டத்துல பாக்கலாம்மா," என்றார் ஒருவர். அதற்குள் மற்றவர்கள் ஊட்டி ஏரியில் படகுச் சவாரிக்குக் கிளம்பத் தொப்பியைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

வனிதா வெளியே போய் வேன்களைத் திருப்பி அனுப்பிவிட்டு வந்தாள்.

"வண்டி போயிருச்சுங்க. எல்லாப் படத்தையும் ஒண்ணா வெச்சுப் பேசி முடிச்சாத்தான் மறுபடி வரும்."

"என்ன வனிதா இது? வந்தவங்க முன்னாடி மானத்தை வாங்கறீங்க!" தினகரனின் முகம் சிவந்துபோனது.

"வேணும்னா என்னை வேலையை விட்டுத் தூக்கிருங்க சார். ராக்கம்மா பேசட்டும்."

வெளியே மழை வேறு பிடித்துக்கொண்டது. வேறு வழியில்லாமல் உட்கார்ந்தார்கள். ராக்கம்மா படகு ஏறும் இடத்தையும் கருவாடு காயும் இடத்தையும் தொட்டுக் காட்டினாள். இருட்டுவதற்குள் நடைபாதை படத்திலிருந்து போயிற்று, சவுக்கு வடக்கே நகர்ந்தது. கல் கொட்டுகிறவர் மட்டும், "மேலிடத்துல கேக்கணும்," என்று எழுந்துவிட்டார்.

வனிதாவை வேலையிலிருந்து தூக்கவில்லை. அடுத்த கூட்டத்தை அவள் கேட்டபடி மேலக்குப்பத்திலேயே வைத்தார்கள். வெயிலுக்குப் பயந்து பாதிப் பேர் வரவில்லை. கல்லுக்காரர் அனுப்பிய உதவியாளருக்கோ எதுவும் தெரியவில்லை.

"கூப்பிடு அந்தக் கல்லுக்கார ஆளை," என்றாள் ராக்கம்மா. வனிதா பல்லைக் கடித்துக்கொண்டு போனை எடுத்தாள்.