முப்பத்தொரு ஆடுகள்

மலையாட்டின் புழுக்கையைப் பொறுக்கிப் பொறுக்கியே பட்டம் வாங்கியவர் என்பதால், எங்கள் ஆய்வுக்கூடத்தில் அவருக்குப் புழுக்கை டாக்டர் என்று பெயர். முதலில் முதுகுக்குப் பின்னால்தான் சொன்னோம். பிறகு அவரே தொலைபேசியை எடுத்து, "புழுக்கை டாக்டர் பேசுறேன்" என்று சொல்ல ஆரம்பித்ததும் அதிலிருந்த விஷமம் போய்விட்டது.

அடுத்த மேசையில் பதினாறு வருடம் வேலை பார்த்தவன் நான். ஜன்னல் இல்லாத அறை. சுவரோரம் இரண்டு உறைபெட்டிகள். அவற்றின் இரைச்சலில் மெதுவாகப் பேசும் பழக்கமே எங்களுக்கு விட்டுப்போனது. மாதம் ஒருமுறை டாக்டர் மலைக்குப் போவார். வனக்காவலர் ஒருவர் கூட நடப்பார். ஸ்பிரிட் ஊற்றிய குப்பிகளில் புழுக்கைகளோடு திரும்புவார். அவற்றின் மேல் ஒட்டியிருக்கும் குடல் செல்களிலிருந்து மரபணுவைப் பிரித்தால், எந்த ஆடு போட்டது என்று சொல்லிவிடலாம். ஆட்டைப் பிடிக்கவும் வேண்டாம், பார்க்கவும் வேண்டாம்.

வனத்துறைக் கணக்கில் அந்த மலையில் நூற்று நாற்பது ஆடுகள். தொலைநோக்கியில் பார்த்து எண்ணியது. ஒரே மந்தை காலையில் ஒரு சரிவிலும் மாலையில் மறு சரிவிலும் மேய்ந்தால் இரண்டு மந்தையாகிவிடும். நான்கு வருடப் புழுக்கைகளைச் சலித்த பின் டாக்டருக்குக் கிடைத்தது முப்பத்தொன்று. நம்பாமல் எல்லாக் குப்பிகளையும் மறுபடி எடுத்துச் சோதித்தார். மறுபடியும் முப்பத்தொன்று. அதைவிட மோசம், அத்தனையும் ஒரு தாய் வயிற்று வழி. அண்ணனுக்கும் தங்கைக்கும் பிறந்த குட்டிகள், அவற்றுக்குள்ளேயே பிறந்த குட்டிகள். அந்தக் குட்டிகளில் பாதியின் புழுக்கை அடுத்த வருடம் கிடைக்கவே இல்லை.

வேறொரு மலையிலிருந்து ஆறு ஆடுகளைக் கொண்டுவந்து விட்டால் மந்தை பிழைக்கும் என்று அறிக்கை எழுதினார். ஆய்வுக்கூட இயக்குநர் கூப்பிட்டு, எண்ணிக்கையை மட்டும் எடுத்துவிடச் சொன்னார். வனத்துறைக்குத் தலைகுனிவாம். டாக்டர் மறுத்தார். ஊரோடு ஒத்துப்போனால் என்ன என்று வீட்டில் கணவரும் கேட்டிருக்கிறார். "பொய்க்கணக்கு எழுத எனக்கு எதுக்கு மரபணு? தொலைநோக்கியே போதுமே" என்றாராம்.

அறிக்கை போனது. ஆறு ஆடுகள் வரவில்லை. கோப்பு மூன்று வருடம் மேசை மேசையாக ஏறி இறங்கியது. அதற்குள் அந்த மலையின் தெற்குச் சரிவைக் கல்குவாரிக்குக் கேட்டு விண்ணப்பம் வந்துவிட்டது. விசாரணைக் கூட்டத்துக்கு டாக்டரையும் அழைத்திருந்தார்கள். நானும் போனேன். குழுத் தலைவர், டாக்டரின் அறிக்கையையே எடுத்து வாசித்தார்: இந்த மந்தை நெடுங்காலம் நிலைக்காது. அழியப்போகிற மந்தைக்காக ஒரு மலையைப் பூட்டி வைப்பானேன் என்றார்.

டாக்டர் எழுந்தார். "ஐயா, அது பாதி வாக்கியம். வெளியிலேருந்து ஆடு கொண்டுவந்து விடலைன்னா நிலைக்காதுன்னு எழுதியிருக்கேன்."

"கொண்டுவந்து விடலையேம்மா" என்றார் தலைவர். குரலில் கோபம்கூட இல்லை.

குவாரிக்கு அனுமதி கிடைத்தது. மிச்சமிருந்த பத்தொன்பது ஆடுகளைப் பிடித்து விலங்குக் காட்சிசாலையில் விடுவதென்று முடிவாயிற்று. ரத்தம் எடுக்க டாக்டரைப் போட்டார்கள். முடியாதென்று சொல்லிவிடுங்கள் என்றேன். மலையாட்டின் சுபாவம் தெரியாதவர் ஊசி போட்டால் ஆட்டுக்கு இன்னும் கஷ்டம் என்று கிளம்பிவிட்டார். மலையாட்டுக்குப் பயமே எமன். விரட்டிப் பிடித்தால் தசை சிதைந்து செத்துப்போகும். அதையும் அவர் முன்பே எழுதிக் கொடுத்திருந்தார். கண்ணைக் கட்டி லாரியில் ஏற்றிய பத்தொன்பதில் பதினொன்று வழியிலேயே இறந்தன. ஒவ்வொன்றின் காதிலும் ஒரு துணுக்கு வெட்டிக் குப்பியில் போட்டார். இத்தனை வருடத்தில் அந்த ஆடுகளை அவர் தொட்டது அன்றுதான்.

லாரியின் பின்கதவைச் சாத்திய காவலர், அவரோடு மலையெல்லாம் நடந்த அதே காவலர், கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நீங்க எண்ணாம இருந்திருந்தா, இன்னும் நூத்திநாப்பதுன்னே இருந்திருக்கும்மா."

டாக்டர் ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பினார். குப்பிகளை உறைபெட்டியில் அடுக்கிவிட்டு வீட்டுக்குப் போனவர் மூன்று நாள் வரவில்லை.

காட்சிசாலைக்குப் போன எட்டில் மூன்று அந்த மழைக்காலத்திலேயே இறந்தன. மற்றவை குட்டி போடவில்லை.

போன மாதம், எந்த மலையிலிருந்து ஆறு ஆடுகளைக் கொண்டுவரலாம் என்று அவர் சொன்னாரோ, அந்த மலையின் புழுக்கைகளைச் சோதித்து முடித்தார். துறைக் கணக்கில் தொண்ணூறு. அவருக்குக் கிடைத்தது இருபத்திரண்டு. எண்ணிக்கையை எழுதப்போகிறீர்களா என்று கேட்டேன்.

"எழுதாம?" என்றார்.

முதல் பக்கத்திலேயே எழுதினார்.