அந்தோணியாருக்கு வாங்கிய பூட்டு

புனித அந்தோணியாரின் அழியாத நாக்கைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்துக் கல்லறையைத் திறந்தபோது, பிரசங்கம் செய்த அந்த நாக்கு மட்டும் அப்படியே இருந்ததாம். அதனால்தானோ என்னவோ, எங்கள் ராயபுரத்துத் தெருப் பெண்கள் அடுத்தவர் வாயை அடக்க அவர் சிலை இருக்கும் சிறு குகைக் கோயிலான கெபியின் கம்பியில் பூட்டு மாட்டிவிட்டு, சாவியைக் கடலில் போடுவார்கள்.

போன வருடம், அந்தோணியாருக்கு உகந்த நாளான ஒரு செவ்வாய்க்கிழமை நானும் பூட்டு வாங்கிக்கொண்டு போனேன், பக்கத்து வீட்டு ஸ்டெல்லாவின் வாயை அடைக்க. தண்ணீர் லாரி வந்தாலே எங்களுக்குள் சண்டைதான். போனால், எனக்கு முன்பே அவள் அங்கே பூட்டு மாட்டிக்கொண்டிருந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“இன்னாடி, என் வாய்க்குப் பூட்டு போடுறியா?”

“இல்லக்கா, என் வாய்க்குத்தான். நீ கத்தசொல்லோ நானும் கத்திட்றேன். அன்னிக்கு செத்துப்போன உங்கம்மாவ இழுத்துப் பேசிட்டேன். மனசே கேக்கல.”

நான் நம்பவில்லை. நடிக்கிறாள் என்றே நினைத்தேன். அடுத்த முறை லாரி வந்தபோது, வேண்டுமென்றே அவள் குடத்தைத் தள்ளிவிட்டு என் குடத்தை வைத்தேன். வாய்க்கு வந்தபடி திட்டினேன். தெருவே வேடிக்கை பார்த்தது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு, என் குடம் நிறையும் வரை குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நான் வாங்கிய பூட்டு சாவியோடு இன்னும் என் அலமாரியில்தான் கிடக்கிறது. அதை யார் வாய்க்குப் போட வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு செவ்வாயும் கையில் எடுக்கிறேன், திரும்ப வைத்துவிடுகிறேன்.