என்ன வேண்டும் என்று கேட்கிற வேலை

வாடிக்கையாளருக்கு என்ன வேண்டும் என்று கேட்டு, அதை புரோகிராம் எழுதுகிறவர்களிடம் போய்ச் சொல்ல எனக்குச் சம்பளம் தருகிறார்கள். பாதி நாள் அவருக்கே அது தெரியாது, மீதி நாள் எனக்குப் புரியாது. இதே வேலையில் மாட்டிக்கொண்ட சக ஜீவன்களுக்காக, சைகோனில் நான் பட்டதில் கொஞ்சம்.

யா

சென்னையிலிருந்து வந்த புதிதில், பக்கத்துக் கடற்கரை ஊரான வுங் டாவில் ஒரு மீன் ஏற்றுமதி கம்பெனிக்குப் போனேன். நான் இங்கிலீஷில் கேட்பதை, கூட வேலை பார்க்கும் லின் வியட்நாமியில் சொன்னாள். எந்தக் கேள்விக்கும் மேனேஜர் பணிவாகத் தலையாட்டி "யா" என்றார். லின் வாயைத் திறப்பதற்குள் நான் அடுத்த கேள்விக்குப் போய்விடுவேன். எல்லாவற்றுக்கும் சம்மதம் கிடைத்ததே என்ற சந்தோஷம். செய்து கொண்டுபோய்க் காட்டினால், "இதெல்லாம் யார் கேட்டது?" என்றார் மனிதர். நான் லின்னைப் பார்த்தேன்.

"இங்கே 'யா'ன்னா நீங்க பேசறது காதுல விழுதுன்னு அர்த்தம். சரின்னு அவர் எப்போ சொன்னார்?"

சிவப்பு

ஒரு கூரியர் கம்பெனியின் டைரக்டர், தாமதமான பார்சல்கள் திரையில் சிவப்பாகத் தெரிய வேண்டும் என்று கேட்டார். செய்தோம். முதல் நாளே திரை முழுக்கச் சிவப்பு. "இதைப் பச்சையாக்க முடியுமா?" என்றார். பார்சல் நேரத்துக்குப் போனால் தானாகவே பச்சையாகிவிடும் என்றேன். குழந்தைக்குச் சொல்வதுபோலப் பொறுமையாகச் சொன்னார்:

"பார்சலை நான் பாத்துக்கறேன். நீங்க கலரை மாத்துங்க."

பஸ்

சைகோனின் பூ மி ஹங் பகுதியில் ஒரு பள்ளிக்கூடம். தினமும் சாயங்காலம் பெற்றோர் போன் செய்து பஸ்ஸைப் பற்றி விசாரிக்கிறார்கள், அதனால் பஸ் எங்கே வருகிறது என்று செல்போனில் காட்டினால் போதும் என்றார்கள் பள்ளி ஆபீசில். ஒரு பெற்றோரைக்கூடக் கேட்காமல் நானும் எழுதிக்கொண்டேன். அப்படியே செய்தும் கொடுத்தோம்.

ஒரு மழை நாள். எங்கள் அடுக்ககத்திலேயே குடியிருக்கும் மதுரைக்காரர் கோமதி கதவைத் தட்டினார். பஸ் வந்துவிட்டது, அந்தப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு படிக்கும் அவர் பையன் அதில் இல்லை. பள்ளியில் யாரும் போனை எடுக்கவில்லை. என் பைக்கிலேயே போனோம். பையன் காவலாளியின் அறையில் உட்கார்ந்து நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நூலகத்தில் தூங்கிப்போய், பஸ்ஸை விட்டிருக்கிறான். கோமதி அவனைத் திட்டவில்லை. ஈரப் புடவையோடு கட்டிக்கொண்டு அழுதார்.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "ஆனா மேப்ல பஸ் சரியாத்தாங்க காட்டுச்சு" என்றேன்.

"பஸ் எங்க இருக்குன்னு நான் எப்பங்க கேட்டேன்? புள்ள அதுல இருக்கானான்னுதான் தினமும் போன் பண்ணிக் கேட்டேன்."

இப்போதெல்லாம் 'என்ன வேண்டும்' என்று கேட்பதை விட்டு, 'போன வாரம் எதற்குக் கோபம் வந்தது' என்று கேட்கிறேன். விஷயம் உடனே கிடைத்துவிடுகிறது, மீட்டிங்தான் முடிய மாட்டேன் என்கிறது.